ஒரு பிராங்க் தடிப்பு இடைவெளி

லுசேர்ணுக்கு மேலே, மலையில் இருந்த ஒரு ஹோட்டலில் நான் வேலை செய்த காலம் எண்பதுகளின் நடுப்பகுதி. இன்றைக்கும் யாராவது சுவிஸ் மலைகளின் அழகைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எரிந்த ரப்பர் நாற்றமும் புளித்த சாப்பாட்டு நாற்றமும்தான் முதலில் என் மூக்கில் ஏறும். அழகை விருந்தாளிகள் பார்த்தார்கள். எனக்கு வாளிகள் கிடைத்தன.

இரண்டு பெரிய பிளாஸ்ரிக் வாளிகள், ஒவ்வொன்றும் என் இடுப்பளவு. உணவகத்தில் மிஞ்சியதெல்லாம் அவற்றுக்குள் போகும். மறுநாள் காலையில் அவற்றை அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்த பன்றிப் பண்ணைக்குக் கொண்டுபோக வேண்டும். கோடையில் அதற்கு உழவு இயந்திரம் இருந்தது. மாரியில் பாதை பனிக்குள் புதைந்துவிடும், பனியில் ஓடும் ஸ்கூட்டர் ஒன்றுதான் வழி. அதன் பின்னால் ஒரு சறுக்கு வண்டி, வண்டியில் அந்த இரண்டு வாளிகள், முன்னால் நான்.

நான் மச்சம் புழங்காத வீட்டில் பிறந்தவன். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் யன்னலைச் சாத்துகிற குடும்பம். அந்த வாளிக்குள் கன்றிறைச்சி, இரத்தம் கசியும் மாட்டிறைச்சி, இறுகிப்போன சீஸ், குழம்புக்குள் அணைத்த சுருட்டுத் துண்டு, பல்லுக் குத்தின குச்சி எல்லாம் ஒன்றாக ஊறிக் கிடக்கும். அரைவாசி கடித்ததைத் தட்டிலே விட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு எழும்புகிறவர்களை எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. ஊரில் எச்சில் கோப்பையைத் தாண்டக்கூட மாட்டோம். இங்கே நூறு பேருடைய எச்சிலை முதுகுக்குப் பின்னால் கட்டி இழுத்தேன்.

அதுகூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது பெல்ட். அந்த ஸ்கூட்டரில் எஞ்சினோடு ஒரு கிளச், பின்னுக்கு ஒரு கிளச், இரண்டையும் சுற்றி ஒரு ரப்பர் பெல்ட். கிழமைக்கு ஒன்று அறும். அதுவும் பண்ணைக்குப் போகிற வழியில் இருந்த ஒரேயொரு ஏற்றத்தில்தான் அறும். ‘டப்’ என்று ஒரு சத்தம், கறுப்புப் புகை, பிறகு ஸ்கூட்டர் பின்னுக்கு வழுக்கும், சறுக்கு வண்டி குறுக்கே திரும்பும், வாளிகள் சரியும். அந்த இடம் விருந்தாளிகள் பனிச்சறுக்கு விடும் பாதை. ஒரு உருளைக்கிழங்குத் துண்டு கிடந்தாலும் ஹோட்டலுக்குப் புகார் வரும். ஆகவே சவளால் அள்ளினது போக மிச்சத்தைக் கையால் பொறுக்குவேன். கையுறை ஊறி உள்ளே விரல் நனையும். ஓங்காளித்து ஓங்காளித்துப் பொறுக்குவேன்.

பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை எங்களுக்கு ஓய்வு. சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். நானும், பாத்திரம் கழுவுகிற வேலையில் இருந்த ஒரு அண்ணையும் கூரைக்குக் கீழே ஒரே அறையில் இருந்தோம். ஊரில் அவர் சங்கக்கடையில் கணக்கெழுதியவர், என்னிலும் பத்து வயது மூப்பு, என்னைப் போலவே சைவம். அந்த ஓய்வு நேரத்தில் மின்சார அடுப்பில் சோறும் உருளைக்கிழங்குப் பால்கறியும் வைப்பார். நாளில் மனிதராக இருந்தது அந்த ஒரு நேரம்தான்.

அந்தச் சோற்றை என்னால் கையால் தொட முடியவில்லை. சவுக்காரம் போட்டுப் பார்த்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தேன். விரலை வாயருகே கொண்டுபோனால் வாளிதான் மணத்தது. உணவகத்தில் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

“என்ன தம்பி, கரண்டியோ? நீரும் வெள்ளைக்காரன் ஆகிட்டீரோ?” என்று அண்ணை சிரித்தார். அவர் விரல்களால் சோற்றைக் குழைத்து, உருட்டி, ஆறுதலாகச் சாப்பிடுவார். அதைப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும். பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் அறுந்த பெல்ட்டை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அதன் ஒரு பக்க விளிம்பு மட்டும் கண்ணாடிபோல மினுங்கித் தேய்ந்திருந்தது. இரண்டு கிளச்சும் நேராக இல்லை, அதுதான் தின்கிறது என்று என் ஓட்டை ஜெர்மனில் சொன்னேன். பெல்ட் என்றால் அறும்தான் என்று அவர் தோளைக் குலுக்கினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரே பெல்ட்டை மாசி முடியும்வரை ஓடவைத்தால் என்னை வாளியிலிருந்து எடுப்பீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கை தந்தார்.

நான் ஊரில் நெல்லுக் குத்தும் மில்லில் எஞ்சின் பார்த்தவன். பெல்ட் எனக்குப் புதிதல்ல. மில்லில் செய்வதுபோல ஒரு கிளச்சிலிருந்து மற்றதற்கு நூல் பிடித்தேன். எஞ்சினைத் தாங்கும் நட்டுகளை இளக்கி, நகர்த்தி, மயிரிழை பிசகாமல் நேராக்கினேன். அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். “கோயில் தேர்வடம் மாதிரி நேராயிருக்கு” என்றார். இரண்டாம் நாள், அதே ஏற்றத்தில், அந்தப் பெல்ட் முந்தினவற்றைவிடக் கேவலமாக நார் நாராகக் கிழிந்தது. அன்று பனிக்குள்ளிருந்து பொறுக்கினது ஆட்டு எலும்புகள். பந்தயம் இன்னும் இருக்கிறது என்று முதலாளி சிரித்துக்கொண்டே புதுப் பெல்ட் ஒன்றை எடுத்துத் தந்தார். அந்தச் சிரிப்புக்கு அறைந்திருக்கலாம்.

அடுத்த ஓய்வு நேரம் முழுக்கக் கொட்டகையில் கழிந்தது. ஸ்கூட்டரின் பின்பக்கத்தை ஒரு பியர்ப் பெட்டியின் மேல் தூக்கி வைத்து, முன் மூடியைத் திறந்துவிட்டு, அண்ணையை இருக்கையில் ஏற்றினேன்.

“அண்ணை, வலக்கையால மெல்ல முடுக்குங்கோ. இடக்கையால பிரேக்கைக் கொஞ்சமாப் பிடியுங்கோ.”

“உதைச்சுதெண்டால் நான் பொறுப்பில்லை, சொல்லிப்போட்டன்” என்றார். ஆனாலும் செய்தார். குளிரில் அவர் மூக்கு சிவந்து ஒழுகியது, துடைக்கக் கை இல்லை.

குனிந்து பார்த்தபோதுதான் என் முட்டாள்தனம் தெரிந்தது. மில்லில் எஞ்சினைச் சீமெந்துக்குள் போல்ட் போட்டு இறுக்கியிருப்போம், அது அசையாது. இது ரப்பர்க் கால்களில் நின்றது. பிரேக் பிடித்துப் பாரம் விழுந்ததும் பெல்ட் எஞ்சினைப் பின்னுக்கு இழுத்தது, எஞ்சின் சற்றே திரும்பியது. நிற்கும்போது நேராக இருந்தது ஓடும்போது கோணலாகிவிட்டது. அப்படியென்றால் நிற்கும்போது ஒரு கிளச் மற்றதன் நேரிலிருந்து கொஞ்சம் விலகி நிற்க வேண்டும், பாரம் விழும்போது நேராகிவிடும்.

நேர் பிடித்துப் பார்க்கச் சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு திரைச்சீலைக் கம்பியைக் கழற்றி வந்தேன். அதைப் பின் கிளச்சில் அணைத்து வைத்து, கம்பிக்கும் முன் கிளச்சின் விளிம்புக்கும் நடுவே அண்ணையின் பையில் இருந்த ஒரு பிராங்க் நாணயக் குற்றி இறுக்கமாக நுழையும்வரை, பின் கிளச்சுக்குப் பின்னால் ஒவ்வொரு வாஷராகப் போட்டேன். தளர்ந்து தொய்ந்திருந்த ஒரு ரப்பர்க் காலையும் மாற்றினேன். திரும்ப ஓட்டிப் பார்த்தபோது பெல்ட் நடுவில் அமைதியாக ஓடியது. நிறுத்திவிட்டுக் கைவைத்துப் பார்த்தேன், சூடுகூட இல்லை. கறுப்புத் தூளும் விழவில்லை.

அந்தப் பெல்ட் அறவில்லை. தை போனது, மாசியும் போனது. முதலாளி சொன்ன சொல் தவறாதவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். பங்குனி முதல்நாள் காலையில் சமையலறையில் வைத்து, இனி நீ சலாட் கழுவு என்றார். பாத்திரம் கழுவப் புதிதாக ஒரு போர்த்துக்கேயப் பெண் வந்திருந்தார். ஆகவே கை ஓய்ந்திருந்த அண்ணையைப் பார்த்து, வாளி இனி உனக்கு என்றார். அண்ணை “யா” என்று தலையாட்டினார். அவ்வளவுதான்.

இது எனக்கு முன்பே தெரியாது என்று சொன்னால் பொய். அந்தச் சமையலறையில் சமையற்காரர்களை விட்டால் நாங்கள் இரண்டு பேர்தான். நான் இறங்கினால் யார் ஏறுவார் என்று கண்டுபிடிக்கச் சாத்திரியா வேண்டும்? நான் அதை நினைக்காமல் இருந்தேன், கவனமாக நினைக்காமல் இருந்தேன்.

முதல்நாள் அண்ணை பண்ணையிலிருந்து வந்து, “ஸ்கூட்டர் சோக்கா ஓடுது தம்பி. நல்ல வேலை செய்திருக்கிறீர்” என்றார். ஸ்கூட்டர் ஓடும்தான். ஆனால் வாளியைப் பன்றித் தொட்டிக்குள் கவிழ்க்க வேண்டும், அடியில் ஒட்டியிருப்பதைக் கையை விட்டு வழிக்க வேண்டும், பண்ணை முற்றத்தில் தேய்த்துக் கழுவ வேண்டும். எந்தப் பெல்ட்டும் அதைச் செய்யாது.

அன்றைக்கு எனக்குச் சோறு ருசித்தது. மாதக்கணக்கில் தொடாத சோற்றை ஐந்து விரலாலும் குழைத்தேன். அண்ணை பசியில்லை என்றார். இரண்டாம் நாளும் பசியில்லை. மூன்றாம் நாள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, கையை மணந்து பார்த்தார். எழும்பிப் போய்க் கழுவினார். வந்து இருந்து திரும்பவும் மணந்து பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து என்னுடைய கரண்டியை எடுத்தார்.

அவருக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது. பிள்ளைபோல முழுக்கையாலும் பொத்திப் பிடித்து, சோற்றைக் கொத்திக் கொத்தி எடுத்தார். பாதி மடியில் விழுந்தது. நான் அவரைப் பகிடி பண்ணவில்லை. என் கையில் பால்கறி ஒழுகிக்கொண்டிருந்தது. வாளிக்குள் கையை விட்ட நாட்களில்கூட என் கை எனக்கு அவ்வளவு அருவருத்ததில்லை.

கையைக் கழுவிக்கொண்டு கீழே போனேன். முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளியை நானே கொண்டுபோகிறேன் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அந்தப் பாடு பட்டு விடுபட்டாய், உனக்கு மூளை கழன்றுவிட்டதா என்று கேட்டார். கிளச்சின் அளவு எனக்கு மட்டும்தான் தெரியும், வேறு ஆள் ஓட்டினால் பெல்ட் அறும் என்றேன். அது பச்சைப் பொய். பெல்ட் விஷயம் என்றதும் அவர் நம்பினார்.

அடுத்த நாள் காலையில் நான் பண்ணைக்குப் போய் வந்து, ஓய்வு நேரத்தில் மேலே ஏறியபோது, அண்ணை இரண்டு தட்டிலும் சோற்றைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

“ஏன் தம்பி இப்பிடிச் செய்தனீர்? பாதி நாள் நான் போறன், பாதி நாள் நீர் போம்.”

“பேசாமச் சாப்பிடுங்கோ அண்ணை” என்று எரிந்து விழுந்தேன்.

அண்ணை எழும்பிப்போய் அந்தக் கரண்டியை நன்றாகக் கழுவி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, என் தட்டுக்குள் வைத்தார். தன் வலக்கையை மணந்து பார்த்தார். சோற்றுக்குள் கையை வைத்தார்.