லோகேஸ்வரி எண்ணிய தலைகள்

தலை எண்ணுவது லோகேஸ்வரிக்கு வேலையாகத்தான் வந்தது. பிறகு அதுவே வியாதியாகிவிட்டது. நிபோங் திபால் பெண். மாக் மண்டின் தொழிற்சாலை ஒன்றில் ஆறு மாத இண்டர்ன்ஷிப், பாதுகாப்புப் பிரிவில். பயிற்சிக்கு வந்தவர்கள் அவளையும் சேர்த்து ஐந்து பேர். காலை ஏழரைக்கு கேட்டருகே நின்று பெயர் வாசித்துத் தாளில் குறிப்பது அவள் பொறுப்பு. அந்தத் தாளை வாங்கிக்கொள்ளும் காவலாளி, ஜாகா தயாளன், "எல்லாரும் ஒழுங்கா வந்து சேந்துட்டீங்களாம்மா?" என்று தினமும் கேட்பார். யாராவது வரவில்லையென்றால் உடனே அவர்கள் வீட்டுக்குப் போன் போட வேண்டியது கேட்டைக் காக்கும் அவர் வேலை. இந்தச் சின்ன வேலையை லோகேஸ்வரி மந்திரி பதவிபோலப் பார்த்தாள். பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும்கூட உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பட்டர்வொர்த்தில் தீவுக்குப் போகும் பெரிக் கப்பல் ஏறியதும் வழக்கம்போல் எண்ணினாள். ஐந்து வந்தது.

சுஜீவன், மோகனராஜ், சிந்துஜா, அவள். நாலு பேர்தான். ஐந்தாமவன் யுகேந்திரன் இறந்து இருபது நாளாகிறது. ஜார்ஜ் டவுனை ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று பட்டியல் போட்டு எல்லோருக்கும் அனுப்பியவன் அவன்தான். போகாவிட்டால் அவனுக்குக் கோபம் வரும் என்று சிந்துஜா சொன்னாள். மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பக்கத்தில் நின்ற யாரையோ சேர்த்து எண்ணியிருப்போம் என்று லோகேஸ்வரி தன்னையே தேற்றிக்கொண்டாள். ஆனால் மறுபடி எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

யுகேந்திரன் இறந்த அன்று காலை நடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பத்து நிமிடம் தாமதமாக வருவது யுகேந்திரன் பழக்கம். "வந்துட்டேன்னு போட்டுரு லோகேஸ்" என்று செய்தி அனுப்புவான், அவளும் போடுவாள். அன்று செய்தி வரவில்லை. வந்துகொண்டிருப்பான் என்று தானாகவே குறித்துவிட்டாள். கூட்டாளிக்குச் செய்கிற உதவிதானே. அந்த நேரம் அவன் செம்பனைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில், மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் கிடந்தான். உயிர் இருந்தது. பதினோரு மணிக்குக் குலை வெட்ட வந்தவர்கள்தான் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

செய்தி கேட்டதும் பயத்தில் அவள் காலையில் குறித்த தாளைத் தயாளனின் கோப்பிலிருந்து உருவிப் பர்ஸுக்குள் மடித்து வைத்தாள். புதுத் தாளில் அவன் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதி வைத்தாள். பழி போய் தயாளன் தலையில் விழுந்தது. வரவில்லை என்று தாள் சொல்லும்போது ஏன் வீட்டுக்குப் போன் போடவில்லை? நாளைக்குத் திங்கட்கிழமை விசாரணை. இருபத்திரண்டு வருட வேலை போகப் போகிறது. அந்த மனுஷனோ, "எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு போல, தாளைச் சரியா பாக்கல" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு நாளும் கேட்டைத் தாண்டிப் போனாள் லோகேஸ்வரி. கல்நெஞ்சுக்காரி என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள், திட்டிக்கொண்டதோடு சரி.

பட்டியல் அவர்களை மூச்சுவிட விடவில்லை. ஆர்மினியன் ஸ்திரீட்டில் சுவர்ப்படத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். படம் எடுத்துக் கொடுத்த வெள்ளைக்காரப் பெண் கையை விரித்து, ஐந்து பேரும் நெருங்கி நிற்கச் சொன்னாள். சுஜீவன் சிரித்தான். "நாலு பேருதான்லா." போனில் பார்த்தபோது சிரிப்பு நின்றது. சிந்துஜாவுக்கும் மோகனராஜுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அதை விட்டது யார் என்று இருவருக்குமே தெரியவில்லை.

கோப்பிக் கடையில் கேட்காமலே ஐந்து கிளாஸ் வந்தது. ஒன்று கூட என்று மோகனராஜ் சொன்னதற்குக் கடைக்காரர் காலி நாற்காலியைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார், அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த நாற்காலியில் பையை வைக்கப்போன சிந்துஜா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஈரமா இருக்கு."

"யாராச்சும் தண்ணி கொட்டியிருப்பாங்க."

"இது வாய்க்கா தண்ணி வாடை அடிக்குது, மோகன்."

லோகேஸ்வரி கோப்பி கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

ஆயர் ஈத்தாம் கோயில் படிகளில் கூட்டம் நெருக்கியடித்தது. அவள் கடைசியில் ஏறினாள், முன்னால் போகிறவர்களை எண்ணிக்கொண்டு. தன்னைச் சேர்க்காமல் மூன்று வர வேண்டும். நான்கு வந்தது. அவர்கள் திரும்பும்போது முகங்களைப் பார்த்து எண்ணினால் மூன்று, முதுகுகளை எண்ணினால் நான்கு. உச்சி வெயில் சுட்டெரித்தது. அவளுக்கோ உடம்பெல்லாம் சில்லிட்டது. இவன் என்னிடம் எதற்கு வருகிறான் என்று நினைத்தாள். எதற்கு என்று அவளுக்கா தெரியாது?

மாலையில் பெரித்துறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்கள். மோகனராஜ் போனை எடுத்துப் பட்டியலின் கடைசி வரியை வாசித்தான். "ஆறு மணி பெரி. ஏறுமுன்னே லோகேஸ் தலை எண்ணணும், இல்லாட்டி அவளுக்குத் தூக்கம் வராது."

"எண்ணுலா" என்றாள் சிந்துஜா மெல்ல.

எண்ணப் பயந்து, கேட்டருகே செய்வதுபோல் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "சுஜீவன்." இருக்கேன் என்றான். "மோகனராஜ்." இருக்கேன். "சிந்துஜா." இருக்கேன். நாக்கு அங்கே நிற்கவில்லை. பழகிய வரிசை, தானாக அடுத்த பெயருக்குப் போனது.

"யுகேந்திரன்."

மழை இல்லை, அலையும் அத்தனை தூரம் எட்டவில்லை. ஆனால் அவள் காலடியில் சிமெண்டுத் தரை கொஞ்சம் கொஞ்சமாக நனைந்துகொண்டே வந்தது. மற்ற மூவரும் அதைப் பார்த்தார்கள். பின்கழுத்தில் யாரோ மூச்சுவிடுவதை மட்டும் அவள் ஒருத்திதான் உணர்ந்தாள். கோபமான மூச்சு இல்லை அது. பதிலுக்குக் காத்திருக்கும் மூச்சு. அதுதான் அவளை உடைத்தது.

பர்ஸைத் திறந்து மடித்த தாளை எடுத்து சிந்துஜா கையில் கொடுத்தாள். சிந்துஜா பிரித்துப் படித்தாள், தேதியைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். லோகேஸ்வரி போனை எடுத்துத் தயாளனை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்னம்மா, ஊரெல்லாம் சுத்தியாச்சா? எல்லாரும் ஒழுங்கா வந்து சேந்துட்டீங்களாம்மா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நாலு பேர் நின்ற இடத்தில் நாலு பேர்தான் நின்றார்கள்.

"நாலு பேரு வந்துட்டோம்ணே. யுகேன் வரல." நிறுத்தாமல் அடுத்ததையும் சொன்னாள். "அன்னிக்கும் அவன் வரலண்ணே. நான்தான் வந்துட்டான்னு போட்டுட்டேன்."