ஒரு கேத்தில், இரண்டு கோப்பை

வெளியுறவிலும் நாட்டுப் பாதுகாப்பிலும் ஆளுங்கட்சியையும் எதிர்க்கட்சியையும் சேர்ந்து யோசிக்க வைப்பதுதான் மொன்றியலில் நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தின் நோக்கம். கூட்டங்களை நடத்தியவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். ஒடிசலான தேகம், கழுத்துவரை பூட்டிய சட்டை, சிரிக்காத முகம். தொலைக்காட்சியில் குதறிக்கொள்ளும் இரண்டு எம்.பி.க்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, நடுவில் ஒரேயொரு தேநீர்க் கேத்திலை வைப்பார். ஒருவர் மற்றவருக்கு ஊற்றிக் கொடுத்த பிறகுதான் பேச்சே தொடங்கும்.

"தேத்தண்ணி வார்த்துக் குடுத்த கையால உடன மேசையில குத்தேலாது" என்பார்.

ஒரு பனிநாளில் அவரைப் பியர்பொன்ட்ஸில் அவர் வீட்டில் இறக்கிவிடப் போனேன். ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள், பொதுவான கார்ப்பாதை. இரு வீட்டாரும் தத்தம் பாதியைத் துப்புரவாக்கிப் பனியை நடுவில் தள்ளியதில், அது இடுப்பளவு மதிலாக எழுந்து நின்றது.

"பக்கத்து வீட்டில ஆர் அண்ணை?"

"என்ர தம்பி. கதை பேச்சில்லை. ஊரில அவன் வேற இயக்கத்தில இருந்தவன்."



"நீங்களா அண்ணை? நடுவில ஒரு கேத்திலை வைச்சுப் பாத்திருக்கலாமே?"

அவர் காரைவிட்டு இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"இந்த எம்.பி.மார் வாயாலதானே சண்டை பிடிக்கினம். ஆளை ஆள் ஆமியிட்டக் காட்டிக் குடுக்கேல்லையே."

யார் யாரை இராணுவத்திடம் காட்டிக்கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை.