அம்மாவின் இடது கன்னம்

கொரோனாவிலிருந்து மீண்டு அம்மா மாரெட்பள்ளி வீட்டுக்குத் திரும்பிய அன்றே நான் ஒரு நோட்டுப் போட்டேன். காய்ச்சல், ஆக்சிஜன், சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை, பின் சர்க்கரை, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த நேரம். நாச்சாரத்தில் ஒரு மருந்து ஆலையில் தரப் பரிசோதனை என் வேலை. எழுதி வைக்காதது நடக்கவே இல்லை என்பது அங்கே முதல் பாடம். அண்ணன் மஸ்கட்டில் மாட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் அம்மா, நான், அண்ணன் மனைவியான மதினி.

மதினி எதையும் எழுத மாட்டாள். அம்மாவுக்குத் தலை வாரிவிடுவாள், சர்ச் வம்பு பேசுவாள். சிரிப்புச் சத்தம் கேட்டு நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். "என்னளா, குத்த வந்துட்டியா?" என்று அம்மா சர்க்கரை பார்க்க விரலை நீட்டுவாள்.

ஆறாம் நாள் காலை மதினி அடுப்படிக்கு வந்தாள். "அத்தைக்கு இடது கன்னம் மரத்துப் போயிருக்கு. மூணு நாளாவாம். மேல் பல்லும் ஆடுது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போணும்."

மூன்று நாளும் நோட்டில் இருந்தன. கன்னம் இல்லை.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா எழுதுவ. எழுதிட்டு டாக்டருக்குப் போன் போடுவ. திரும்ப அங்க போய்ப் படுக்கணும்லா."

"அவங்ககிட்ட மட்டும் சொன்ன?"

"எங்க சொன்னேன்? முகம் கழுவிவிட்டா. தண்ணி பட்டதே தெரியலயேன்னேன். வாயில வந்துட்டு."

கருப்புப் பூஞ்சை. மேல் தாடையின் இடப்பக்கத்தைப் பற்களோடு எடுத்தார்கள். பூஞ்சைக்கான மருந்து வாரக்கணக்கில் நரம்பு வழியே ஏறியது. சிறுநீரகம் தாங்குகிறதா என்று நாள் தவறாமல் ரத்தம் எடுத்தார்கள். வார்டில் துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம். யார் என்று நர்ஸ் கேட்டபோது அம்மா மதினியைக் காட்டினாள்.

அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டர், "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கண்ணையும் எடுத்திருப்போம். நல்ல வேளை, நீங்க கவனிச்சீங்க மேடம்" என்று தெலுங்கில் சொன்னார். மதினியைப் பார்த்துச் சொன்னார். ஃபைல் என் கையில் இருந்தது. கண் பிழைத்தது என்பது மனதில் இறங்குவதற்கு முன் அந்த 'நீங்க' என்னைச் சுட்டது. அதற்காக வெட்கப்பட்டேன்; வெட்கப்பட்ட பிறகும் அது ஆறவில்லை.

இப்போது அம்மாவின் அண்ணத்தில், எடுத்த இடத்தை அடைக்க, ஒரு செயற்கைத் தட்டு இருக்கிறது. சாப்பிட்டதும் கழற்றிக் கழுவ வேண்டும். கழற்றினால் கன்னம் குழிந்து, பேச்சு மூக்கு வழியாகப் போய்விடும். அந்த முகத்தை மதினி மட்டும்தான் பார்க்கலாம்.

போன சனிக்கிழமை மதினி தான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து வரத் தாமதமானது. தட்டுக்கு மேலே சோறு சிக்கி அம்மா நெளிந்துகொண்டிருந்தாள்.

"நான் கழுவித் தரேம்மா."

"நக்கோ, வேண்டாம். அவ வரட்டும்."

"எப்படிக் கழுவணும்னு எனக்கும் தெரியும்மா."

"உனக்கு எல்லாம் தெரியும்ட்டி. அதான்."

இருவரும் ஸ்கூட்டர் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். மதினி வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவளோடு குளியலறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் ஓடியது. அம்மா மூக்கால் ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. மதினி சிரித்தாள்.