கீழ்த்தாடைக் கோட்டை

அந்தப் பல் மருத்துவமனையில் மேல்மாடி டாக்டரம்மாவுக்கு, அடித்தளம் செட்டக்காவுக்கு. பல் செட் செய்கிறவர் என்பதால் முதலில் எல்லோரும் 'பல்செட்டக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் 'பல்' விழுந்துவிட்டது.

டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். செட்டக்கா அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை வரிசையாக நட்டு, இழைத்து மெருகேற்றி மேலே அனுப்புவார். ஜன்னல் இல்லாத அறை. அலமாரி நிறைய வெள்ளைத் தாடைகள். ஊரில் பலபேர் எப்படிக் கடிப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஆள் எதிரே வந்தால்தான் யாரென்று தெரியாது.

மெருகேற்றும் இயந்திரம் போடுகிற கிரீச்சுச் சத்தம் காதில் விழாமலிருக்க, செல்போனில் பாட்டு ஓடவிட்டு வேலை செய்வார். ஒருநாள் கை நிறையப் பிளாஸ்டராக இருந்தபோது பாட்டு முடிந்துபோய், செல்போன் தன்னிஷ்டத்துக்கு வேறெதையோ போட்டது. யாரோ கீபோர்டை மிக மெதுவாக, அடுத்த கட்டை எங்கே இருக்கிறதென்று தேடித் தேடி வாசித்தார்கள். பின்னால் காற்று இரைந்தது. தூரத்தில் ஒரு மணி. எல்லாமே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கையைக் கழுவிவிட்டு மாற்றலாம் என்று நினைத்தவர், கழுவிய பிறகும் மாற்றவில்லை. திரையில் கறுப்பு வெள்ளையில் ஓர் இடிந்த கோட்டை. அதன் கீழே 'டஞ்சன் சிந்த்' என்று போட்டிருந்தது.

வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தார். டஞ்சன் என்றால் கோட்டைக்கு அடியில் இருக்கும் பாதாளச் சிறை. சிந்த் என்பது சிந்தசைசர், கீபோர்டு மாதிரி ஒரு மின்னணு வாத்தியம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நார்வே பக்கத்தில் முகத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிற 'பிளாக் மெட்டல்' ராக் இசை இளைஞர்கள் இருந்தார்கள். கத்த ஆரம்பிப்பதற்கு முன்னால் கேசட்டின் தொடக்கத்தில் கொஞ்சம் கீபோர்டு வாசிப்பார்கள். சிலருக்குக் கத்தலைவிட அந்தக் கொஞ்சம் பிடித்துப்போனது. அதை மட்டுமே வைத்து முழுக் கேசட் போட ஆரம்பித்தார்கள். மலிவான கீபோர்டு, படுக்கையறை, பெரும்பாலும் ஒரே ஆள். இசை முழுக்கப் பழைய அரசர்கள், பனிமூட்டம், வாள், மந்திரவாதி. பாடுகிறவர் அநேகமாக இருக்கமாட்டார். வாசிக்கிறவரும் சொந்தப் பெயரைச் சொல்லாமல் ஏதாவது ஒரு புனைபெயருக்குள் ஒளிந்துகொள்வார். இந்த இசைக்கு டஞ்சன் சிந்த் என்ற பெயரே பல வருடம் கழித்துத்தான் வந்தது. ஒலிப்பதிவு சற்று மோசமாக இருந்தால்தான் இதில் மரியாதை. செட்டக்காவுக்கு இந்தக் கடைசிச் சங்கதிதான் ரொம்பப் பிடித்தது. மயிரிழை பிசகினாலும் அடுத்தவர் வாய் புண்ணாகிவிடும் வேலையில் இருப்பவருக்கு, பிசகலாம் என்று ஓர் இடம் கிடைத்தது பெரிய ஆறுதல்.

அவருடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருவதால், வீட்டில் எதற்கும் பதறாத மனிதர். சமையலறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அவரே எட்டிப்பார்த்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லங்க. பாட்டு."

"யாரும் பாடலையே."

"பாடமாட்டாங்க. ராஜா செத்துட்டாரு."

எந்த ராஜா என்று கேட்டுக்கொண்டே அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் இருந்த ரேடியோ பழுதானபோது, ஏதாவது நல்ல இசையாகப் போடச்சொல்லி டாக்டரம்மா செட்டக்காவிடம் பொறுப்பைக் கொடுத்தார். செட்டக்கா பழைய பாணியிலிருந்தே தொடங்கினார். சங்கிலி உரசும் சத்தம், இருட்டுப் படிக்கட்டு, மூடிக்கொள்ளும் இரும்புக்கதவு. மல்யுத்தக்காரரைப் போல் இருந்த ஒருவர், வண்டியைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். திரும்பி வரவேயில்லை.

"அக்கா, வர்றவங்களே பயந்துதான் வர்றாங்க. நீங்க வேற சிறையில போடுறீங்க. இதுல சாந்தமா எதுவும் கிடையாதா?" என்றார் டாக்டரம்மா.

வகை வகையாக இருக்கிறது என்று செட்டக்கா உறுதி சொன்னார். அடுத்த நாள் 'விண்டர் சிந்த்' போட்டார். பனி பொழியும், ஓநாய் ஊளையிடும், மற்றபடி சாந்தம்தான். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து ஏசியைக் குறைக்கச் சொன்னார்கள். ஏசி அன்றைக்கு ஓடவேயில்லை. அதற்குப் பிறகு காட்டு வகை. பறவை, பாசி படிந்த மரம், நடுவில் விடாமல் சலசலக்கும் ஓடை. அன்று கழிவறை வாசலில் வரிசை நின்றது. பிள்ளைகளுக்காக 'டைனோ சிந்த்' என்று ஒன்று போட்டுப்பார்த்தார். ராட்சதப் பல்லிகள் தரை அதிர நடக்கும். அதில் ஒரு சிறுமி, எவ்வளவு கெஞ்சினாலும் வாய் திறக்காதவள், தானாகவே ஆவென்று திறந்தாள். டாக்டரம்மா சந்தோஷமாக விரலை உள்ளே விட்டார். கடித்துவிட்டாள்.

கடைசியில் 'கம்ஃபி சிந்த்' என்ற சொகுசு வகை காப்பாற்றியது. இதில் சிறையும் இல்லை, சாவும் இல்லை. காளானுக்குள் வீடு கட்டிக்கொண்டு எலிக்குடும்பம் ஒன்று தேநீர் போடுவதுபோல ஒரு பொம்மைச் சத்தம். காத்திருந்தவர்கள் வரிசையாகத் தூங்கிப்போனார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதாது, தட்டி எழுப்பவேண்டும். டாக்டரம்மா பல்லைக் குடையும்போது அவரை அறியாமலே அதை முணுமுணுக்க ஆரம்பித்தார். அதுவே அங்கே நிலைத்தது.

எல்லா வகையையும் ஊருக்குப் போட்டுக்காட்டிய பிறகு, செட்டக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. வெளியூரில் படிக்கும் மகளின் பழைய கீபோர்டைப் பரணிலிருந்து இறக்கினார். அதில் ஒரு கட்டை அமுக்கினால் எழாது. இந்த இசைக்கு அது ஒரு குறையே இல்லை. பின்னால் இரைகிற காற்றுச் சத்தம்தான் கிடைக்கவில்லை. மின்விசிறியைப் பதிவு செய்தால் மின்விசிறியாகவே கேட்டது. கணவர் காலித் தண்ணீர் பாட்டிலின் வாயில் ஊதிக்காட்டினார். பிரமாதமாக இருந்தது. அதிலிருந்து அவருக்குப் பொறுப்பு கூடிவிட்டது.

"இது மலை மேல அடிக்கிற காத்தா, குகைக்குள்ளயா? சொன்னாத்தானே அதுக்கேத்த மாதிரி ஊத முடியும்?"

அட்டைப் படத்துக்குக் கோட்டை வேண்டுமே. செட்டக்கா அலமாரியிலிருந்து ஒரு கீழ்த்தாடையை எடுத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். தேய்ந்துபோன ஈறு மதில்சுவரானது. மிச்சமிருந்த ஒற்றைப் பல் கோபுரமானது. 'கடைவாய் மன்னர்' என்ற புனைபெயரில் இணையத்தில் ஏற்றினார்.

கொஞ்ச நாளில் கேசட் வெளியிடுகிற ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதினார். இந்த இசை உலகத்தில் கேசட்டுக்கு இன்னும் மவுசு உண்டு. மதிப்பிற்குரிய மன்னருக்கு என்று தொடங்கி, இதைக் கேசட்டாகப் போட அனுமதி கேட்டிருந்தார். அட்டையில் இருக்கும் கோட்டை எந்த நாட்டில் இருக்கிறது என்றும் கேட்டிருந்தார். செட்டக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது: கோட்டைக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

டாக்டரம்மாவிடம் விசாரித்தால், அது ஓய்வுபெற்ற நீதிபதியின் தாடை. பல் செட் உறுத்துகிறது என்று ஒருமுறை அவர் புகார் சொன்ன விதத்தில், டாக்டரம்மாவே குற்றவாளிக்கூண்டில் நிற்பதுபோல் உணர்ந்தாராம். போகாமலிருக்கவும் மனம் ஒப்பவில்லை. செட்டக்கா படத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். நீதிபதி வெகுநேரம் பார்த்தார்.

"எந்தக் காலத்துக் கோட்டைம்மா இது?"

"ஐயா, இது உங்க கீழ்த்தாடைங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்போ இந்தக் கோபுரம்?"

"உங்க கோரைப்பல்லுங்க."

நாக்கால் அந்தப் பல்லை அவர் தொட்டுப்பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது.

"என் மேல்தாடை இதைவிட நல்லா இருக்குமே" என்றார் நீதிபதி.

அனுமதி கொடுத்தார். ஆனால் கேசட் வந்ததும் தனக்குத்தான் முதலில் போட்டுக்காட்ட வேண்டும் என்று நிபந்தனை. வெளிநாட்டுக்காரரிடம் செட்டக்கா உண்மையை எழுதினார். தாடை என்று தெரிந்ததும் அவருக்கு ஆசை இன்னும் கூடிவிட்டது.

கேசட் வந்து சேர்ந்தபோது அதைப் போடுவதற்கு யார் வீட்டிலும் கருவி இல்லை. கணவர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பழைய காரில் மட்டும் ஒன்று இருந்தது. தெருவோரம் நின்ற காருக்குள் செட்டக்கா, கணவர், நீதிபதி மூவரும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். முதல் பக்கம் ஓடி முடிந்தது. நீதிபதி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று செட்டக்கா திரும்பிப் பார்த்தபோது, மறுபக்கத்தைப் போடச்சொல்லிக் கையால் சைகை காட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்து கண்ணாடியைத் தட்டினாள். அவளுக்கு அப்போது வகுப்பு. அவளை அனுப்பிவிடவும் முடியாது, நீதிபதியை இறக்கிவிடவும் முடியாது. செட்டக்காவைப் பின்னால் போகச்சொல்லிவிட்டு, கணவர் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து அவளை ஓட்டச் சொன்னார். மறுபக்கம் ஓட ஆரம்பித்தது. எப்போதும் கிளட்சை வெடுக்கென்று விட்டு வண்டியைக் குலுக்கி நிறுத்துகிறவள், அன்றைக்கு அந்த மெல்லிய இசைக்கு மிகமிக மெதுவாகக் காலை எடுத்தாள். கார் ஒரு சவ ஊர்வலம்போல நகர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்கித் தள்ளினார்கள்.

"அவங்க கெடக்குறாங்க. நீ இப்படியே போம்மா" என்றார் நீதிபதி.