டீசல் எங்கள் கணக்கு

வானகரம் ஆபீசில் அன்று இருந்தவர்கள்: ஓனர். கணக்கு எழுதுகிற பெண். ஓனரின் மச்சான், சும்மா வந்து உட்கார்ந்திருப்பவர். என் கூட்டாளி, அடுத்த லாரியின் டிரைவர், ஆவடிக்காரன். நான்.

நாங்கள் இருவரும் போனது ஒரே விஷயத்துக்கு. டீசல் விலை ஏறினதற்கு லோடு கொடுக்கிற கம்பெனி தருகிற பணத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும்.

அப்படி ஒரு பணம் இருப்பதே அம்பத்தூரில் லோடு ஏற்றும்போதுதான் தெரிந்தது. கேட்டில் பில் போடுகிறவர் சொன்னார்.

"வாடகைக்கு மேல டீசல் சர்சார்ஜ்னு தனியா குடுத்துகினுதான் கீறோம். உங்க ஓனரு சொல்லல?"

சொல்லவில்லை.

தப்பு எங்கள் பேரிலும் உண்டு. முன்பு டீசல் ஓனர் கணக்கு. எங்களுக்குச் சம்பளம், படி. டீசல் மலிவாக இருந்தபோது நாங்களேதான் போய்க் கேட்டோம். டிரிப்புக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுங்கள், டீசல், டோல் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மிச்சம்தான் எங்கள் சம்பளம். ஓனர் உடனே சரி என்றார். அப்போதே யோசித்திருக்க வேண்டும். கொஞ்ச நாள் நன்றாகத்தான் மிஞ்சியது. கூட்டாளி வீட்டுக்கு வாஷிங் மெஷின் வாங்கினான். பிறகு டீசல் ஏறியது. தொகை ஏறவில்லை.

கூட்டாளிதான் பேசினான். "மொதலாளி, டீசல் போடறது நாங்க. ஏறினதுக்குத் துட்டு வாங்கறது நீங்க. இன்னா நாயம் இது?"

"நீங்க கேட்டதுதானேப்பா," என்றார் ஓனர். "சர்சார்ஜ் கம்பெனிக்கும் எனக்கும். வண்டிக்கு ட்யூ யாரு கட்றது? டயர் யாரு போடறது?"

மச்சான் சிரித்தார். "மைலேஜ் எடுங்கப்பா. ஓட்டத் தெரிஞ்சவன் எடுப்பான்."

"நீ கிளீனரா வந்து குந்து நைனா. எடுத்துக் காட்றேன்," என்றான் கூட்டாளி.

கணக்குப் பெண் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டாள். அதோடு பேச்சு முடிந்தது.

வெளியே வந்ததும் கூட்டாளி கேட்டான், "இன்னா மாமே பண்லாம்?"

"ஓட்டலாம்," என்றேன்.

எங்கள் ஓட்டம் அம்பத்தூரிலிருந்து ஓசூர். அங்கே வேறு லோடு, கோயம்புத்தூருக்கு. பிறகு திரும்ப சென்னை. ஓசூரிலிருந்து கோயம்புத்தூர் போகிற வழியில் தொப்பூர் மலை இறக்கம். கியரை எடுத்து நியூட்ரலில் விட்டால் லாரி தானாக இறங்கும். டீசல் மிஞ்சும். பிரேக் ஒன்றுதான் பிடிமானம். செய்யாதே என்று போர்டே வைத்திருக்கிறார்கள். அதுவரை நாங்கள் செய்ததில்லை. அந்த மாதத்திலிருந்து இருவரும் செய்தோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாவது டிரிப்பில் அவன் வண்டியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. இரும்புக் கம்பி லோடு. ஓரத்துச் சுவரில் இடித்து நிறுத்தினான். வேறு யாருக்கும் அடியில்லை. சேலத்தில் ஆஸ்பத்திரியில், நசுங்கிய அவன் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போய்ப் பார்த்தேன். "நியூட்ரலா?" என்றேன்.

"நீ மட்டும் இன்னா, கியர்லயா எறங்கினு இருந்த?"

பிறகு அவனே சொன்னான். "இனிமே கியர்லயே எறங்கு மாமே. மிஞ்சலன்னா போவுது."

அவன் மனைவி இப்போது செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள்.

அடுத்த டிரிப் முழு இறக்கமும் கியரிலேயே இறங்கினேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். ஐந்து நாள் ஓட்டம். டீசல், டோல், சாப்பாடு போகக் கையில் நின்றது முந்நூற்று எழுபது ரூபாய்.