பஸ் கம்பிக்கு எட்டாத கை

ரத்தம் எடுக்கிறவளைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. தொண்ணூறுகளில் பூந்தமல்லி லேப் ஒன்றில் ஊசியோடு நின்றவள் நான். எனக்குக் கை நீட்டியவர்களில் நீங்களும் இருந்திருந்தால், மன்னித்துவிடுங்கள்.

நாற்காலி வேண்டாம்

அந்தோணி திருமழிசைத் தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓட்டுபவர், வயது நாற்பது. கண் இமை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. "உட்காருங்க" என்றேன். மாட்டேன் என்றார். நின்றபடி குத்திக்கொண்டு மயங்கி விழுந்தவர்கள் எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறேன்! அதட்டி உட்கார வைத்தேன். வேலை முடிந்தும் மனிதர் எழவில்லை. இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று.

"அதுக்குத்தான் சிஸ்டர் ஒக்கார மாட்டேன்னேன். தல வாரக்கூட கை மேல ஏற மாட்டேங்குது."

என் வாய்

ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி. என்கிற ரத்த அளவு எக்கச்சக்கம். அந்த எண் ஏறினால் எங்கள் லேபில் ஒரே தீர்ப்புதான்: ஈரல் கெட்டது, காரணம் குடி. ரிப்போர்ட் வாங்க வந்த அவர் மனைவி பிலோமினாவிடம், "தண்ணி போடுவாரா?" என்று கேட்டுத் தொலைத்தேன். கொஞ்ச நாளாகவே அவர் வீட்டுக்குத் தாமதமாக வருகிறாராம், வாசலில் தடுமாறுகிறாராம். சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு நான் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் இருவரும் என் முன்னால் வந்து நின்றார்கள்.

"மாதா மேல சத்தியம் சிஸ்டர், பஸ்ஸு படி ஏற முடியாம ஒவ்வொரு பஸ்ஸா உட்டுகினு நின்னேன். சொன்னா இவ அழுவாளேன்னு சொல்லல."

சின்னக் கட்டி

அவரை டெஸ்டுக்கு அனுப்பிய டாக்டரிடம் நான் வாங்கிய திட்டு கொஞ்சமா? அந்த எண் தசையிலிருந்தும் ஏறுமாம். இமைச் சிவப்பையும் கை ஏறாததையும் சேர்த்துப் பார்த்தால் இது தசை அழற்சி என்றார். இந்த வயதில் வந்தால் பின்னால் வேறு ஏதாவது இருக்கலாம் என்று விடாமல் தேடினார். ரத்தத்தில் பி வகை மஞ்சள் காமாலைக் கிருமி; ஸ்கேனில் ஈரலில் சின்னதாகப் புற்றுக்கட்டி. பிலோமினா அழவில்லை.

"கை ஏறலன்னுதானே டாக்டர் இது தெரிஞ்சுது? இல்லன்னா நாங்க எங்க ஸ்கேன் எடுக்கப் போறோம்? சின்னதாத்தான் கீது, இப்பவே எடுத்துருங்க."

கூட்டத்தில் ஒருவர்

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அப்புறம் மாத்திரை, மாதாமாதம் என் ஊசி. கிருமி முழுதாகப் போகாது, ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் காலை நைட் ஷிப்ட் முடிந்து, சட்டை கசங்கி, வேர்த்து ஒழுக வந்தார் அந்தோணி. தானே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ரத்தம் எடுத்ததும், நான் கை கொடுப்பதற்குள் எழுந்துவிட்டார். தலையை வாரிக்கொண்டே சொன்னார்:

"ஒக்கார எடம் இருந்திச்சு சிஸ்டர், ஒக்காரலியே! திருமழிசைலேந்து மேல் கம்பிய புடிச்சுகினு நின்னுகினே வந்தேன்!"

வருகிறவர்களையெல்லாம் கையை மூடச் சொல்லியே பிழைத்த நான், ரிப்போர்ட் கொடுக்கும்போது வாயை மூட வேண்டும் என்பதை அந்தோணியிடம்தான் கற்றுக்கொண்டேன்.