உலைக்கு விடுமுறை போடாத வியாழக்கிழமை

எந்த இயந்திரம் எப்போது ஓடும், எப்போது ஓயும் என்று குறித்து வைப்பதுதான் அந்தத் தொழிற்சாலையில் அவள் வேலை. பதினோரு வருடம் அதைச் சுவரில் ஒட்டிய தாளில் செய்தாள். போன வாரம் புது மென்பொருள் வந்தது. நாற்பது இயந்திரங்களுக்கும் வேலை நாட்காட்டி ஏற்ற மேலாளர் கொடுத்தது மூன்றே நாள். பிரஸ் இயந்திரத்துக்கு ஒன்றைப் பார்த்துப் பார்த்துத் தயாரித்தாள். மற்ற முப்பத்தொன்பதுக்கும் அதையே நகலெடுத்து ஒட்டிவிட்டாள். மேலாளர் மெச்சியபோது முதுகு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அந்த முதுகு சில்லிட்டது. திரையில் உலையின் கட்டம் பச்சையாக இருந்தது: பதினோரு மணிக்குப் பற்றவை. இன்று உலைக்குப் பழுதுபார்ப்பு நாள். பிரஸ்ஸின் நாட்காட்டியில் அது எங்கிருந்து வரும்? தனியாகப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

உலைக்குள் இருப்பது அவள் கொழுந்தன். "அண்ணி, இன்னைக்கு முழுக்க குகை வாசம்தான்" என்று காலையில் சிரித்துவிட்டுப் போனவன்.

திரையில் மாற்றிப் பயனில்லை. பட்டியல் ஏழு மணிக்கே அச்சாகிக் கீழே போய்விட்டது. உலைப் பகுதிக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடினாள். படிக்கட்டில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை.

உலையை இயக்குபவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர். பட்டியலில் இருந்தால் போதும், கேள்வியே கேட்க மாட்டார். உலைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. எக்ஸ்பிரஸ் மெயின் சுவிட்சின் முன்னால் நின்றார். கையில் இரும்பு வெட்டும் பெரிய கத்தரி.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

"ஆரம்பிச்சாத்தானேம்மா நிறுத்த! எவனோ சுவிட்ச்சுல பூட்டைப் போட்டுட்டு சாவியோட போயிட்டான். பதினோரு மணிக்கு ஓடலேன்னா திட்டு வாங்குறது யாரு, அவனா நானா?"

பூட்டின் வளையம் பாதி அறுந்திருந்தது. அவள் கத்தரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உள்ள ஆள் இருக்கு அண்ணே."

எக்ஸ்பிரஸ் கத்தரியை விட்டுவிட்டார்.

கரி பூசிய முகம் ஒன்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்தது. "என்ன அண்ணி, செருப்பு எங்க?" என்றவன், கத்தரியைப் பார்த்தான், உள்ளே நுழையுமுன் தான் போட்ட பூட்டைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பட்டியல் நான் போட்டதுதான். உன் நாளைப் போட மறந்துட்டேன்."

முகத்துக் கரியை அவன் சட்டைக் கையால் துடைத்தான். பிறகு, "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

"சொல்லத்தான் போறேன். மேனேஜர்கிட்டயும்." "இன்னைக்கு வேற எதுக்குள்ளயாவது ஆள் இருக்கா?"

"இன்னைக்கு நான் மட்டும்தான். நாளைக்குக் கலவைத் தொட்டிக்குள்ள ரெண்டு பேர் இறங்குறாங்க."

அந்தத் தொட்டிக்கும் பிரஸ்ஸின் நாட்காட்டியைத்தான் ஒட்டியிருந்தாள். முப்பத்தொன்பதையும் அழிக்க, ஒற்றைச் செருப்போடு மறுபடி படியேறினாள்.